காட்டுத்தொங்கல் கணக்கு

கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு பொறுக்கும் நாட்கள் எங்கள் லயத்துப் பெண்களுக்கு ஒரு சின்னத் திருவிழா மாதிரி. இலங்கை மலையகத்துக்கு வெளியே வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள் லயம். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை ஒட்ட வெட்டிவிடுவது கவ்வாத்து. வெட்டி விழுந்து காய்ந்த கிளை மிலாறு. நன்றாக எரியும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

அது தீர்ந்த மாதங்களில் அம்மா கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு காட்டுத்தொங்கலுக்கு, அதாவது தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்துக்கு, ஏறுவார். கடைசித் தேயிலை வரிசை முடிகிற இடத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு கல் நட்டிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் கிடக்கும் கொப்பை எடுத்தால் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். அந்தப் பக்கம் கிடப்பதை எடுத்தால் பொரஸ்ட் மாத்தயா (வன அதிகாரி) வழக்குப் போடுவார். அடுப்புக்குள் போனால் இரண்டு கொப்பும் ஒரே மாதிரித்தான் எரியும் என்பது அம்மாவின் வாதம். அந்த வாதத்தை யாரிடமும் அவர் சொன்னதில்லை. விடியற்காலையில் போய் வந்துவிடுவார், அவ்வளவுதான்.

"பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களும் அயல் சமூகங்களின் வாழ்வாதாரமும்" என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத் தலைப்பைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. தலைப்பு பெரிது, விடயம் எளிது. அரசு ஒரு காட்டைச் சுற்றிக் கோடு போடுகிறது. கோட்டின் ஓரத்தில் வாழ்கிறவர்களின் அடுப்பு, தோட்டம், சம்பளம், உயிர் ஆகியவற்றுக்கு அதனால் என்ன ஆகிறது? மலையகத்தை வைத்தே அதைப் பார்ப்போம்.

கோடுகளில் பல வகை

இலங்கையில் காட்டைக் காப்பது பெரும்பாலும் இரண்டு திணைக்களங்களின் கையில் இருக்கிறது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வேலை செய்கிறது. மற்றது வனப் பாதுகாப்புத் திணைக்களம். அதற்கு 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டம். ஊரில் இரண்டு பேருமே "பொரஸ்ட்காரர்"தான். ஆனால் எந்தத் திணைக்களத்தின் எந்த வகைக் காடு என்பதைப் பொறுத்து உங்களுக்கு என்ன அனுமதி என்பது முழுதாக மாறிவிடும்.

ஹக்கலையில் இருப்பது கடும் இயற்கை ஒதுக்கு. ஆய்வு போன்ற காரணத்துக்கு விசேட அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. ஹக்கலைப் பூந்தோட்டத்தில் ரோஜாவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோமே, அதற்குப் பின்னால் நிற்கிற மலைக்காடு அது. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா: காசு கட்டி உள்ளே போய்ப் பார்க்கலாம், பார்க்க மட்டும்தான். 1960களில் அந்தப் புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு நட்டிருக்கிறார்கள். 1969இல் அது இயற்கை ஒதுக்காகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. இன்று அங்கே ஒரு பூவைப் பறித்தாலும் குற்றம். நிலம் ஒன்றே, அதற்குக் கொடுத்த பெயர் மட்டும் ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை மாறியிருக்கிறது.

சரணாலயம் என்பது வேறு ரகம். அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், மக்களும் குடியிருக்கலாம். மிருகத்தைத் தொடக்கூடாது, ஆனால் சொந்தக் காணியில் பயிர் செய்யலாம். சிவனொளிபாதமலையைச் சுற்றியுள்ள காடு 1940இல் சரணாலயமாக்கப்பட்டது. சுமார் 22,400 ஹெக்டயர். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது, அது வனத் திணைக்களத்துக்கு உரியது. சிவனொளிபாதக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இன்னொரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கு போன்ற தேசிய ஒதுக்குகளின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதென்றாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அதாவது கோடு கல்லோடு முடிவதில்லை. கல்லிலிருந்து ஒரு மைல் கீழே, லயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஐயாயிரம் அடி

அந்தக் கல் ஏன் அங்கே, ஏன் இன்னும் கீழேயோ மேலேயோ இல்லை என்று கேட்டால் நூற்றைம்பது வருடம் பின்னால் போகவேண்டும்.

1840இல் ஆங்கிலேயர் முடிக்குரிய காணிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம்) முடிக்குச் சொந்தம் என்றார்கள். கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் விறகு எடுத்த, மாடு மேய்த்த, சுழற்சி முறையில் சேனை வெட்டிய காடுகள் அப்படித்தான் கைமாறி, கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. மலையகத்தில் காட்டோரச் சமூகத்தின் வாழ்வாதாரத்தை முதலில் பறித்தது காடு காக்கும் சட்டம் அல்ல, காடு விற்கும் சட்டம். இதை மறந்துவிட்டு இன்றைய வனத் திணைக்களத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

காட்டை வெட்டித் தோட்டமாக்க ஆள் வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து எங்கள் பாட்டன் பூட்டன்மார் வந்து சேர்ந்தார்கள். அந்தக் காலத்துத் துரைமாருக்குக் காடு ஒரு தடை, காட்டு மிருகம் ஒரு விளையாட்டு. பதுளைப் பக்கம் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகப் பெயர் பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். (எங்கள் பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஒரு ஆலோசனை சொன்னார்: ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டாதீர்கள், வெட்டினால் நீரும் மண்ணும் போய்விடும். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஐயாயிரம் அடி என்றால் ஏறத்தாழ 1,524 மீற்றர். அதற்குள் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்திருந்தது, பிறகு தேயிலை மேலேறத் தொடங்கியது. பல இடங்களில் தேயிலை அந்தக் கோட்டையும் தாண்டிப் போனது உண்மைதான். இருந்தாலும் மலையுச்சிகளில் இன்றைக்குக் காடு மிஞ்சியிருப்பதற்கு அந்த ஆலோசனை முக்கியமான காரணம்.

இதன் விளைவாக மலையகத்தின் காட்டு வரைபடம் ஒரு விசித்திரமான உருவத்துக்கு வந்தது. உச்சியில் காடு, அதன் காலடியில் உடனே தேயிலை, தேயிலைக்குள் லயம். வில்பத்து, யால பக்கம் பூங்காவைச் சுற்றிக் கிராமங்கள் இருக்கும். கிராமத்தவருக்கு ஏதோ ஒரு துண்டு வயலாவது இருக்கும். இங்கே காட்டின் அயலவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். அவர்கள் குடியிருக்கும் நிலம் அரசுடையது, கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை. இனி சொல்லப்போகும் எதைப் புரிந்துகொள்வதற்கும் இந்த ஒன்று தேவை.

நன்மை கீழே ஓடுகிறது

காட்டால் நன்மை இல்லையா? நிறைய இருக்கிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஓடைகள் இறங்குகின்றன. மலைக்காடு மழையை மட்டும் நம்பி இருப்பதில்லை. மேகத்தையே இலையாலும் பாசியாலும் பிடித்துச் சொட்டவிடுகிறது. மழையில்லாத மாசி மாதத்திலும் லயத்துப் பீலியில் தண்ணி வருகிறதென்றால் மேலே காடு இருக்கிறது என்று அர்த்தம். பீலி என்பது ஊற்றுத் தண்ணியைத் தகரத்தாலோ மூங்கிலாலோ குழாயாலோ வாய்வைத்து விழச்செய்யும் இடம். குளிப்பு, குடிப்பு, ஊர்க்கதை எல்லாம் அங்கேதான்.

ஆனால் அந்தத் தண்ணியின் பெரும் பங்கு எங்கே போகிறது என்று பாருங்கள். களனி கங்கை கொழும்பின் குடிநீர். கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் முறையே காசல்ரீ, மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கங்களில் தங்கி, லக்சபான மின்நிலையங்களைச் சுழற்றுகின்றன. முதலாவது நிலையம் 1950இல் தொடங்கியது. மவுஸ்சாக்கலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் எழுந்து நிற்கும், சனம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும். அத்தனை மின்சாரம் பக்கத்தில் பிறந்தும், எத்தனையோ லயங்களில் குப்பி விளக்கு அணைந்தது எவ்வளவோ பிந்தித்தான்.

பாடப்புத்தகங்கள் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும். சுருக்கம் இதுதான்: காட்டின் நன்மை நாடு முழுக்கப் பரவி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கிடைக்கிறது; செலவு சில ஆயிரம் குடும்பங்களின் தலையில் மட்டும் விழுகிறது. கொழும்பில் குழாயைத் திறக்கிறவருக்கு காடு இருப்பது தெரியவே தெரியாது. காட்டுத்தொங்கலில் இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் தெரியும்.

செலவு மேலே நிற்கிறது

விறகிலிருந்து தொடங்கலாம். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் முழுக்க எரிவாயு வாங்கிச் சமைப்பது எல்லா வீட்டிலும் நடந்த காரியமில்லை. 2022 நெருக்கடியில் கொழும்பிலேயே எரிவாயு வரிசையில் நின்று களைத்தவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள். எங்களுக்கு அப்போது திரும்பவேண்டியிருக்கவில்லை, நாங்கள் விறகை விட்டுப் போகவே இல்லை. சபுக்கு மரமும் யூகலிப்டஸும் தோட்டத்துக்குச் சொந்தம், காட்டு மரம் அரசுக்குச் சொந்தம். எனவே விறகுக்காரிக்கு முன்னால் சட்டப்படி திறந்திருக்கும் வழி மிலாறும், கம்பனி கொடுத்தால் கொடுக்கும் கழிவு மரமும்தான். தடை கூடும்போது நடக்கும் தூரம் கூடும். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆளோடு ஆளாகப் போக முடியாமல் தனியே போகவேண்டி வரும். காட்டோரப் பாறையிலும் மரத்திலும் தொங்கும் குளவிக் கூடு வேறு. கொழுந்து மலையிலேயே குளவி கொட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் பொருளாதாரத்தில் "விட்டுக்கொடுத்ததன் விலை" என்று கணக்கிடுவார்கள். ஒருவர் ஒரு பொருளை இழந்தார் என்று மட்டும் பார்க்காமல், அதை ஈடுகட்ட அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பது. இங்கே விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் பெண்களின் நேரம். அதற்குச் சம்பளப் பட்டியலில் நிரல் இல்லை என்பதால் எந்த அறிக்கையிலும் அது எளிதில் தென்படாது.

அடுத்தது மரக்கறித் தோட்டம். லயத்துக்குப் பக்கத்தில், கான் (வடிகால்) ஓரத்தில், துரை கண்டும் காணாமல் விட்ட துண்டில் போஞ்சியும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் நடுவோம். சம்பளம் வீட்டைக் காப்பாற்றாது. இந்தத் துண்டுதான் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து. அதற்குள் ஒரு இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தால் காலையில் உழுத வயல் மாதிரி கிடக்கும். முள்ளம்பன்றி கிழங்கை மட்டும் தோண்டும், குரங்கு பாதி தின்று பாதியை எறியும். அரசாங்கமும் குரங்கோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டது: 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் பேச்சு நடந்தது, எதிர்ப்பு வந்தது, 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடே நின்று குரங்கு, மயில், மலை அணில் எண்ணியது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் "வழமையா நாங்கதானே எண்ணுறோம்" என்றார்.

இதில் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சொந்தக் காணி உள்ள விவசாயி பயிர் போனால் கமநல சேவை நிலையத்துக்காவது போய் முறையிடலாம். தோட்டத்துத் துண்டில் நட்டவர் எங்கே போவார்? அந்தத் துண்டில் அவர் பயிர் செய்ததற்கே காகிதம் இல்லை.

கம்பியும் சிறுத்தையும்

2020 மே மாதம், ஊரடங்குக் காலம், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகி ஒரு கருஞ்சிறுத்தை கிடந்தது. இலங்கையில் மிக அபூர்வமாகக் கண்ணில் படும் விலங்கு. மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தார்கள். சில நாட்களில் செத்துவிட்டது. நாடே துக்கப்பட்டது. சமூக ஊடகத்தில் தோட்டத்துச் சனத்தைக் கரித்துக்கொட்டியவர்களும் உண்டு.

அந்தச் சுருக்கு சிறுத்தைக்காக வைத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. மலையகத்தில் கம்பி கட்டுவது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. மரக்கறியைக் காக்கவும் கட்டுவார்கள், இறைச்சிக்காகவும் கட்டுவார்கள். இறைச்சிக்கு விலை இருக்கிறது, இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியோ கிளச் கம்பியோ போதும், செலவு ஒன்றுமில்லை. கம்பிக்குக் கண் இல்லை. பன்றி போகும் தடத்தில்தான் சிறுத்தையும் போகும்.

சிறுத்தை தேயிலைக்குள் என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் தேயிலை மலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். செடிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் அது ஒரு தாழ்ந்த காடு. காட்டிலிருந்து காட்டுக்குப் போக இடையில் வேறு வழி இல்லாததால் கான் வழியாகவும், பள்ளத்து ஓடை வழியாகவும் அது போகிறது. லயத்து நாய் எளிய இரை. கொழுந்து பறிக்கிறவர் தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் பயத்தில் பாய்கிறது. தலை, தோள் கிழிந்து வைத்தியசாலைக்குப் போனவர்கள் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் எத்தனையோ பேர். பேர் போடும் நாளில் இப்படி அடிபட்டால் சம்பளமும் நின்றுவிடும். (ஒரு நாள் வேலைக்கு எங்கள் ஊரில் "ஒரு பேர்" என்பார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்தால்தான் அன்றைய கூலி.)

எனவே கம்பி கட்டியவரைச் சிறையில் போடுவதால் மட்டும் சிறுத்தை பிழைக்காது. அவருடைய மரக்கறித் துண்டுக்கு வேலி போட ஆள் வேண்டும். வேலி போடக் காணி யாருடையது என்று தெரியவேண்டும். தோட்டத்து நிலத்தில் தொழிலாளி நிரந்தர வேலி போட்டால் கம்பனி விடாது. கம்பனி தொழிலாளியின் போஞ்சிக்காக வேலி போடாது. வேலி போடும் பொறுப்பென்று வந்தால் திணைக்களம் கல்லோடு நின்றுவிடும். மூன்று பேருக்கும் இடையில் கிடக்கிற அந்த இடைவெளியில்தான் கம்பி கட்டப்படுகிறது. இது என் அபிப்பிராயம், ஆனால் நான் வளர்ந்த இடத்தில் வேறு மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

காணி உள்ளவரும் இல்லாதவரும்

கோடு போட்டால் எல்லா அயலவரும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. நக்கிள்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நெடுங்காலமாகக் காட்டின் நிழலில் ஏலக்காய் பயிரிட்டார்கள். உயர்ந்த மரங்களை விட்டுவிட்டு, அடியிலுள்ள சிறு மரங்களையும் செடிகளையும் வெட்டி ஏலம் நட்டால் வெளியிலிருந்து காடு காடாகவே தெரியும். ஆனால் அடுத்த தலைமுறை மரங்கள் முளைக்க இடம் இருக்காது. பறித்த காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். பாதுகாப்பு இறுகியபோது ஏலக்காய்க்குத் தடை வந்தது. காட்டுக்கு அது தேவைதான். ஆனால் ஏலத்தை நம்பிக் கூலிக்குப் போனவர்களுக்கும் சிறு பயிர்ச்செய்கையாளருக்கும் ஒரு வருமானம் அறுந்தது. 

பிறகு சுற்றுலா வந்தது. மீமுரே போன்ற கிராமங்களில் வீட்டில் ஒரு அறையை ஒழித்துப் பயணிகளைத் தங்கவைத்து, கித்துள் பாணியும் குரக்கன் ரொட்டியும் கொடுத்து, மலைக்கு வழிகாட்டியாகவும் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் அதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும், அது உங்கள் வீடாக இருக்கவேண்டும். வங்கிக் கடனுக்குப் பத்திரம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் எந்தப் பயணியைத் தங்கவைப்பது? சுற்றுலாப் பதிவுக்கு எந்த முகவரியைக் கொடுப்பது? அறிஞர்கள் "மாற்று வாழ்வாதாரம்" என்று பேசும்போது பெரும்பாலும் காணி உள்ள கிராமத்தவரை மனதில் வைத்தே பேசுகிறார்கள். தொங்கலிலுள்ள தோட்டத்துக் குடும்பம் அந்தத் திட்டத்துக்குள் நுழைய வாசலே இருப்பதில்லை.

சிவனொளிபாதமலை கொஞ்சம் வேறு. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஊரே மாறிவிடும். கடை போடுகிறவர், மேலே மூட்டை தூக்குகிறவர், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், சூடாகச் சோளம் விற்கிறவர் என்று தோட்டத்துப் பொடியன்களுக்கும் ஒரு வருமானம் வரும். அந்தக் காலம் முடிந்தால் அதுவும் முடியும். குப்பை மட்டும் காட்டில் மிஞ்சும். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலை பட்டிப்பொல வழியாகப் போகிற வான்களை எண்ணிப் பாருங்கள், அநேகமானவை நுவரெலியா ஹோட்டல்களிலிருந்து வருபவை. உலக முடிவு என்று சொல்லும் செங்குத்தின் விளிம்பில் நின்று பயணிகள் கீழே பார்க்கும்போது சின்னதாகத் தெரிகிற தோட்டத்தில் ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். நுழைவுச்சீட்டுக் காசு அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை.

காணிப் பிரச்சினை உயிரையும் தொடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போகச் சொன்னார்கள், போக இடம் கொடுக்கவில்லை. சரிவான மலையில் குடியிருப்புக்கு ஏற்ற சமதரை குறைவு. இருப்பதில் தேயிலை ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். தோட்டக் குடும்பங்களுக்குக் காணியோடு வீடு கொடுக்கும் திட்டம் எங்கே வரலாம் என்று பார்க்கும்போதும், பூங்கா அயலில் என்றால் அந்த ஒரு மைல் விதி குறுக்கே வரும். மேலே காடு நின்றால்தான் சரிவும் நிற்கும் என்பதால் அந்த விதியை எடுத்துவிடு என்றும் நான் சொல்லமாட்டேன். தேயிலைப் பக்கம் அரையடி நகரவேண்டும் என்றுதான் சொல்வேன். அதைச் சொன்னால் கம்பனிக் கணக்கில் இடிக்கும்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்

நேபாளத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. பூங்காவைச் சுற்றி "இடைவலயம்" என்று ஒரு பட்டையைக் குறிக்கிறார்கள். பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை அந்தப் பட்டையில் வாழும் மக்களின் குழுக்களுக்குப் போகலாம். விறகுக் காட்டை அவர்களே பராமரித்து, முறைவைத்து வெட்டிக்கொள்கிறார்கள். பிரச்சினையே இல்லையென்று சொல்ல முடியாது. குழுவில் வசதியானவர்கள் கை ஓங்கும் முறைப்பாடு அங்கேயும் இருக்கிறது. ஆனால் காட்டோரத்தில் இருப்பவருக்குக் காடு நிற்பதால் ஒரு காசு வருகிறது என்ற எண்ணமாவது உண்டு.

மலையகத்துக்கு அதை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது, ஏனென்றால் இங்கே நடுவில் கம்பனி இருக்கிறது. ஆனால் சின்னச் சின்ன வேலைகள் முடியாதவை அல்ல. தேயிலை விளையாத செங்குத்து மூலைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் கிடக்கின்றன. அவற்றில் விறகு மரம் நட்டு, லயத்துப் பெண்கள் சங்கத்திடம் எழுத்தில் ஒப்படைக்கலாம். கவ்வாத்து மிலாறை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கலாம். மரக்கறித் துண்டுகளைச் சிதறலாக விடாமல் ஒரு இடத்தில் சேர்த்தால் ஒரே வேலியில் பத்துக் குடும்பத்துப் பயிரைக் காக்கலாம். சிறுத்தை நடமாடும் மலைகளில் காலை ஆறு மணிக்குத் தனியாளாக வேலைக்கு அனுப்பாமல் இருக்கலாம். இதற்கு ஒரு சதம் கூடச் செலவில்லை.

உங்கள் தோட்டம் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், முதலில் பிரதேச செயலகத்திலோ காணி உத்தியோகத்தரிடமோ அந்தக் காட்டின் வர்த்தமானி அறிவித்தலைக் கேளுங்கள். அதன் அட்டவணையில் வடக்கே இது, கிழக்கே இது என்று ஓடை, பாறை, தோட்டம் எல்லாம் பெயரோடு எழுதியிருக்கும். வாசிக்கக் கொஞ்சம் கடினமான நடை, பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கையில் தருவார்கள். தமிழ்ப் பிரதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். என்ன வகைக் காடு என்று பாருங்கள்: சரணாலயமா, பேணற்காடா, தேசியப் பூங்காவா. வகை தெரிந்தால்தான் காய்ந்த கொப்பை எடுத்ததற்கு வழக்குப் போடலாமா கூடாதா என்று பேச முடியும். எங்கள் கல்லைப் பற்றி நான் போய்க் கேட்டபோது அம்மாவுக்கு வயது எழுபது. பதிலைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, தேத்தண்ணி கொதித்துவிட்டதா பார் என்றார்.